புகைபோக்கிக்குப் போன காற்று

காரைமேட்டு மில்லின் புகைபோக்கி இருபத்திரண்டு வருஷம் சும்மா நின்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மறுபடி புகைந்தது. அதற்கு முந்தின நாள்தான், மில்லிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாச்சிமுத்துவின் ஷெட்டுக்கு ஒரு வெள்ளை டர்போ கார், இழுவை இல்லை என்று வந்து சேர்ந்திருந்தது.

காரைக் கொண்டுவந்தவர் மருதாசலம். ஒரு காலத்தில் மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர், ஊரே தோழர் என்று கூப்பிட்ட மனிதர், மேடை ஏறினால் ஒலிபெருக்கி தேவைப்படாதவர். இப்போது நிலம் விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுக்கிறார், ஊர் அவரைத் தலைவர் என்கிறது. நாச்சிமுத்து மட்டும் பழைய நாக்கை மாற்றிக்கொள்ளாமல் தோழர் என்றே கூப்பிட்டுவந்தார். மருதாசலமும் அதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை, ரசிப்பதுமில்லை.

"மேட்டுல ஏறும்போது லாரிக்காரன் ஆரனடிச்சுட்டு முந்திப் போறான், நாச்சி. பின்னால பாத்தா கரும்பொகை. டீசலைத் தண்ணியாட்டக் குடிக்குது. நிறுத்தி வச்சாக்கூட முள்ளு எறங்குது."

சென்னைக்கு ரயிலில் போவதாகவும், வியாழக்கிழமை திரும்பிவிடுவதாகவும், வெள்ளிக்கிழமை காலை மில்லைப் பார்வையிட ஓர் அதிகாரி வருகிறார், அவரை அழைத்துவரக் கார் வேண்டுமென்றும் சொல்லிவிட்டு மருதாசலம் போனார். அதிகாரி எதற்கு வருகிறார் என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. செத்த ஆலை செத்ததுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வருகிறார், அந்தத் தாள் கைக்கு வந்ததும் மில் இடம் முழுவதும் வீட்டுமனையாகிவிடும் என்பது காரைமேட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

டர்போ என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. இன்ஜின் வெளியே விடுகிற சூட்டு மூச்சிலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சுற்றலில் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி, இன்ஜினுக்கே திரும்ப ஊட்டுகிற ஏற்பாடு. உழைக்கிறவன் மூச்சை அவனுக்கே திருப்பிக் கொடுக்கிற ஒரே இயந்திரம் இதுதான் என்று நாச்சிமுத்து சொல்வதுண்டு. அழுத்தின காற்று வழியில் எங்காவது கசிந்தால் டீசலுக்குக் காற்றுப் பற்றாது, அரைகுறையாக எரியும், கரும்புகை வரும், மிதித்தாலும் வண்டி இழுக்காது. ஆகவே கசிகிற இடத்தைக் கண்டுபிடித்தால் போதும் என்றுதான் அவர் வேலையைத் தொடங்கினார்.

ஸ்கேனரை மாட்டியதும் அது பூஸ்ட் பிரஷர், அதாவது டர்போ அழுத்தித் தரும் காற்று, குறைவு என்றது. எங்கே குறைகிறது என்பது அதற்குத் தெரியாது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார், சுத்தம். டர்போச் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. ஓஸ் பைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் தடவினார், நுரை எழவில்லை. அழுத்தின காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலரைக் கழற்றித் தொட்டியில் முக்கிக் காற்றடித்தார், ஒரு குமிழிகூட வரவில்லை. வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார், அது நாக்கை விடாமல் பிடித்துக்கொண்டது. டீசல் வடிகட்டியை மாற்றினார், பம்பின் அழுத்தத்தை அளந்தார், டீசலைத் தெளிக்கிற நாலு இன்ஜெக்டரின் திரும்பு குழாய்களையும் நாலு பாட்டிலில் விட்டுப் பார்த்தார், நாலும் ஒரே கோட்டில் நிரம்பின. டேங்குக்கு அடியில் காய்ந்த அட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் அட்டையில் ஒரு சொட்டு இல்லை, முள் மட்டும் இரண்டு கோடு இறங்கியிருந்தது. எல்லாப் பாகமும் யோக்கியம், வண்டி மட்டும் நகராது என்கிற நிலைமையை அவர் அதற்கு முன் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தார். அது சங்கத்தின் செயற்குழு.

செவ்வாய்க்கிழமை, கடைசி வழியாக, புகை விட்டுப் பார்ப்பது என்று முடிவுசெய்தார். மில் பாய்லரில் ஃபிட்டராக இருந்தபோது கற்றுக்கொண்ட முறை அது. ஓர் எண்ணெய் டின்னில் சிரட்டைத் தணலைப் போட்டு, சாம்பிராணி தூவி, மூடியில் குழாய் செருகி, கம்ப்ரசர் காற்றை மெதுவாகத் திறந்து, அந்தப் புகையைக் காரின் காற்று வாய்க்குள் அனுப்பினார். எங்கே புகை கசிகிறதோ அங்கே ஓட்டை. டார்ச் விளக்கோடு பானெட்டுக்குள் தலையை விட்டுக் காத்திருந்தார். கால் கிலோ சாம்பிராணி தீர்ந்தது. காருக்குள் போன புகை காரிலிருந்து வெளியே வரவே இல்லை.

அப்போது பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்து, ஏதோ பஸ் வந்துவிட்டது என்று சொல்கிறவர் போல, "நாச்சிண்ணா, மில்லு பொகையுதுங்" என்றார்.

நாச்சிமுத்து வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். நூற்றிருபது அடிச் செங்கல் புகைபோக்கி, உச்சியில் ஆலங்கன்று முளைத்து, கிளிகள் குடியிருந்த புகைபோக்கி, வெள்ளைப் புகையைத் தாராளமாக விட்டுக்கொண்டு நின்றது. தெரு முழுக்கச் சாம்பிராணி மணத்தது. பஞ்சர் கடையின் டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஓடிப் போய்க் காற்றை மூடினார். புகைபோக்கியின் புகை மெலிந்து ஓர் இழையாயிற்று. திறந்தார், பெருகியது. ஒரு தடவை பார்த்ததை நம்புவது மெக்கானிக்குக்கு அழகில்லை என்பதால் டின்னில் ஒரு கட்டு பீடியைப் பிய்த்துப் போட்டார், ஊரெல்லாம் பீடி நாற்றம். ஐந்து வரமிளகாய் போட்டார். காரைமேடு முழுவதும், கோயில் பூசாரியும் வங்கி மேலாளரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வகுப்புக்கும் சாதிக்கும் வித்தியாசமில்லாமல், கால் மணி நேரம் தும்மியது. அந்த ஊர் அவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பிறகு அவர் காரை ஸ்டார்ட் செய்து மிதித்தார். டர்போ விசிலடிக்கத் தொடங்குகிற வேகத்துக்கு முள் வந்தபோது பானெட்டுக்குள்ளிருந்து சத்தமே எழவில்லை. மில்லின் சங்கு ஊதியது. ஷிஃப்ட்டுக்கு ஆள் கூப்பிடுகிற அதே சங்கு, அடிவயிற்றிலிருந்து எழுந்து தேய்ந்து முடிகிற அதே நீண்ட ஊதல். அவர் காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மூன்று மைல் தள்ளி ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த வேலாத்தாள், மில்லில் பத்தொன்பது வருஷம் ரீலிங்கில் நூல் சுற்றியவர், சங்கு காதில் விழுந்ததும் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஏன் எழுந்தாய் என்று சூப்பர்வைசர் கேட்டார். பதில் தெரிந்தது கால்களுக்குத்தான், அவை நடந்தன. மத்தியானத்துக்குள் முந்நூறு பேர் மில் வாசலில் நின்றார்கள். கறிக்கடைக்காரர், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், மகன் வீட்டில் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுகிறவர், எல்லோருமே ஒருகாலத்தில் அந்த வாசலில் பித்தளை வில்லையைக் காட்டி உள்ளே போனவர்கள். எண் பொறித்த அந்த வில்லையைப் பலரும் இன்றைக்கும் சுருக்குப் பையிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு மிஷின்கூட இல்லை, எல்லாவற்றையும் இரும்புக்காரன் எப்போதோ ஏற்றிப் போய்விட்டான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் யாரும் கேட்டைத் தள்ளவில்லை. எட்டு மணி நேரம் வாசலில் நின்றுவிட்டு, ஷிஃப்ட் முடிந்த களைப்போடு, தலையில் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பினார்கள்.

நாச்சிமுத்துவுக்குப் புகைபோக்கி தந்த அதிர்ச்சியைவிட ஊர் தந்த அதிர்ச்சி பெரிதாக இருந்தது. ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. புதன்கிழமைக்குள் பெண்கள் கரி படியும் என்று மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடம் மணியை விட்டுவிட்டுச் சங்குக்குப் பாடவேளை வைத்தது. மில் வேலைக்காரர் என்று சொல்லி இரண்டு கிழவர்கள் சலூனில் முன்வரிசை கேட்டார்கள், கிடைத்தது. நகராட்சி, அனுமதியின்றிப் புகைவிடுவது குறித்து ஏழு நாளுக்குள் விளக்கம் தருமாறு புகைபோக்கிக்கே ஒரு நோட்டீஸ் எழுதி, வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் அதன் அடிச்சுவரில் ஒட்டிவிட்டுப் போனது. மருதாசலத்தின் ஆட்கள், தங்கள் தலைவர் அந்த இடத்தைத்தான் விற்கப்போகிறார் என்பதை மறந்து, மில்லைத் திறந்த மாவீரரே என்று அவர் படம் போட்டு ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள்.

புகை நாச்சிமுத்து ஷெட்டுக் காரிலிருந்து போகிறது என்பதையும் ஊர் அரைநாளில் தெரிந்துகொண்டது. பாய்லர்காரரிடமிருந்து புகை வராமல் வேறு யாரிடமிருந்து வரும் என்று சொல்லிவிட்டு, பாட்டிலிலும் தூக்குப்போசியிலும் டீசல் வாங்கிவந்து ஷெட் வாசலில் வைத்தார்கள். காலை ஆறுக்கும் மத்தியானம் இரண்டுக்கும் அவர் காரை மிதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் சோதித்துப் பார்க்கத்தான் மிதித்தார், ஆனால் சோதனை சரியாக ஆறுக்கும் இரண்டுக்கும்தான் வந்தது. டீசல் கொண்டுவருகிறவர்கள் அவர் முகத்தை அன்போடு பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவர் கசிவைத் தேடி, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற ஓஸ் பைப்பைக் கழற்றி, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் கையை விட்டார். பைப்பின் நீளம் ஒரு முழம். கை முழங்கை வரை போனது, பிறகு தோள் வரை போனது, கன்னம் ரப்பரில் அழுந்தியது. விரல் நுனியில் சூடு தட்டியது. அந்தச் சூட்டில், இரும்புச் சக்கரம் ஒன்று அகப்பட்டது. ஆறு ஆரம். மூன்றாவது ஆரத்தில் ஒரு துணித் துண்டு முடிந்திருந்தது. அந்த முடிச்சைத் தடவியதும் நாச்சிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது, அது அவர் போட்ட முடிச்சு, சங்கக் கொடியின் ஓரத்தைக் கிழித்து, மூடின நிலை இதுதான் என்று அடையாளத்துக்கு அவரே கட்டியது. பாய்லர் அடுப்புக்குக் காற்று விடுகிற பெரிய வால்வு, மூடினால் தீ அணைந்து புகை நின்றுவிடும். கால் திருகு திறந்திருந்தது.

கையை உருவினார். தோள் வரை கரி. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

அந்த வால்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாளிகள் மில்லை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிய வருஷம், தொழிலாளர்கள் பூட்டை ஏற்காமல் உள்ளே புகுந்து தாங்களே மில்லை ஓட்டினார்கள், நாற்பத்தொரு நாள் ஓட்டினார்கள். ஓடுகிற ஆலையை மூடியதாக அறிவிக்க முடியாது என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. புகைபோக்கி புகைகிற வரை அவர்களுக்குத் தோல்வியில்லை. நாற்பத்திரண்டாம் நாள் விடிகாலை ஆறு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், செயலாளர் மருதாசலம் பாய்லர் ஃபிட்டரின் தோளில் கைவைத்து, பேச்சுவார்த்தைக்கு நல்லெண்ண அடையாளமாக ஒரே ஒரு நாள் மூடு, நாளைக்குத் திறந்துவிடலாம் என்றார். நாச்சிமுத்துவுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்ததே மருதாசலம் எழுதிய துண்டறிக்கைகளைப் படித்துத்தான். மூடினார். ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார், புகையில்லாத புகைபோக்கியைப் படமெடுத்தார், ஆலை இயங்கவில்லை என்று எழுதினார், பத்து மணிக்குப் போலீஸ் வந்தது. நாளைக்கு என்ற நாள் வரவே இல்லை.

அடியாட்கள் உள்ளே புகுந்து வால்வை மூடிவிட்டார்கள் என்றார் மருதாசலம், கூட்டத்தில். அடியாட்கள் புகுந்தார்கள் என்றால் கேட்டைத் திறந்தது யார்? அன்றைக்குக் கேட்டில் காவலிருந்தவர் கதிரப்பன், வேலாத்தாளின் கூடப்பிறந்த தம்பி. நான் திறக்கவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, ஊர் அவருக்குக் கேட்டைத் திறந்தவன் என்று பெயர் வைத்தது. அக்கா அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். அவர் வருகிற கல்யாணத்துக்கு இவர் போவதில்லை. தாய் செத்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். கதிரப்பனுக்கு வேறு யாரும் வேலை கொடுக்காததால், அதே கேட்டில், இப்போது நிலக் கம்பெனிக்குக் காவலாளியாக, அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தான் சொன்னால் அந்த மனிதர் நிமிர்ந்து நடப்பார் என்பது நாச்சிமுத்துவுக்கு இருபத்திரண்டு வருஷமும் தினமும் தெரிந்திருந்தது. தினமும் சொல்லாமல் இருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மருதாசலம் ரயிலடியிலிருந்து ஆட்டோவில் நேராக ஷெட்டுக்கு வந்தார். வழியெல்லாம் தன் படம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்ததால் முகம் வெளிறியிருந்தது. மூட நம்பிக்கையைச் சாடிப் பதினாறு துண்டறிக்கை எழுதிய மனிதர், நாச்சிமுத்து ஓஸ் பைப்பைக் காட்டி நடந்ததைச் சொன்னபோது ஒரு வார்த்தையைக்கூடச் சந்தேகப்படவில்லை. இடத்தை விற்கிறவருக்கு அதிசயம் ஒரு வில்லங்கம், அவ்வளவுதான்.

"அடைக்க முடியுமா?"

"முடியும். கால் திருகு."

மருதாசலம் அவர் தோளில் கைவைத்தார். "அப்ப அடச்சுரு. ஒரே ஒரு நாள், நாச்சி. நாளைக்கு அந்த ஆபீசர் வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்பறம் தெறந்துக்கலாம்."

அதே தோள். அதே கை. அதே குரலில் அதே ஒரே ஒரு நாள். இத்தனை வருஷமும் அந்த வார்த்தை ஒரு தடவை சொல்லப்பட்டது, அவசரத்தில் சொல்லப்பட்டது, சொன்னவரும் உள்ளுக்குள் அதற்காக நொந்திருப்பார் என்று நாச்சிமுத்து நம்பிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையை ஒரு மனிதர் கைக்குட்டை போல மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்க முடியும், வேண்டும்போது எடுத்து உதற முடியும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அன்னிக்கும் ஒரு நாள்னுதான் சொன்னீங்க, தோழர்."

"சொன்னேன். திருகுனது என்ற கையில்ல, நாச்சி, உன்ற கை." மருதாசலம் கோபமே இல்லாமல் சொன்னார். "கதிரப்பன் இன்னும் கேட்டுலதான் உக்காந்திருக்கான். போயிச் சொல்லிப் பாரு. உன்னைய உசுரோட விடுவாங்களான்னு பாக்கலாம்."

அவர் போன பிறகு நாச்சிமுத்து கரி படிந்த வலது கையோடு காரின் முன்னால் வந்தார். பைப் திறந்தே கிடந்தது. கையை விட்டால் சக்கரம் எட்டும். இரண்டு தடவை விட்டார், இரண்டு தடவையும் முடிச்சை மட்டும் தொட்டுவிட்டு உருவிக்கொண்டார். பிறகு பைப்பை மாட்டிக் கிளாம்பை முறுக்கினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், அரைப்புகை விட்டுக்கொண்டிருந்த புகைபோக்கிக்குக் கீழே, ஊர் மில் வாசலில் கூடியிருந்தது. நாச்சிமுத்து காரை எடுத்தார். இழுவை இல்லாத வண்டி, எவ்வளவு மிதித்தும் மனிதர்கள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாத வண்டி, பின்னால் கரும்புகையும் முன்னால் டீசல் பாட்டிலோடு வந்துகொண்டிருந்த பத்துப் பேருமாக இரண்டு தெருவைக் கடந்து கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. மருதாசலம் ஏற்கெனவே அங்கே இருந்தார், தன் சுவரொட்டிக்குக் கீழேயே நின்று, வாழ்த்துச் சொல்கிறவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் புகைபோக்கியைப் பார்த்தார், பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

நாச்சிமுத்து வாழ்நாளில் கேட் மீட்டிங்கில் பேசியதில்லை. துண்டறிக்கை கொடுப்பார், கொடி பிடிப்பார், மற்றவர்கள் பேசும்போது கைதட்டுவார். இன்ஜினை ஓடவிட்டுக் கீழே இறங்கி, பழைய பேச்சாளர்கள் ஏறுகிற அந்த வாசல் கல்லின் மேல் ஏறி, தோழர்களே என்று தொடங்கினார். பெரிதாக எதுவும் அவரால் சொல்ல முடியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, தோள் வரை கறுத்த வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

"அன்னிக்கு வால்வை மூடுனது இந்தக் கை. அடியாளு யாரும் உள்ள வரல. கதிரப்பன் கேட்டைத் தெறக்கல. செயலாளர் ஒரு நாள்னாரு, நான் மூடுனேன். இருவத்திரண்டு வருசமா நான் வாயத் தெறக்கல."

புகைபோக்கி புகைந்தபோது ஆச்சரியப்படாத ஊர், சங்கு ஊதியபோது கத்திரிக்கோலை வைத்துவிட்டுச் சாதாரணமாக எழுந்து வந்த ஊர், இப்போது அறை வாங்கியது போல நின்றது. ஒரு கிழவரின் கையிலிருந்து தூக்குப்போசி நழுவி உருண்டு போய்க் காரின் டயரில் முட்டி நின்றது, அதை எடுக்க யாரும் குனியவில்லை. யாரோ ஒருவர் மட்டும், "நாச்சியா?" என்று கேட்டார், அதுவும் தன்னைத்தானே. மருதாசலம் பேச வாயெடுத்தார். ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் குரல் வெளியே வரும்போதே கசிந்து போய், பக்கத்தில் நின்றவருக்குக்கூட எட்டவில்லை. அவர் கும்பிட்ட கைகளை இறக்காமலே பின்னால் நகர்ந்தார். யாரும் அவரைத் தடுக்கவுமில்லை, வழிவிடவுமில்லை.

அடி விழும் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலாத்தாள் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று அந்தக் கறுத்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கேட்டுக்குப் போனார். ஸ்டூலிலிருந்து எழுந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது வயதில் வாங்கிய கூனோடு கதிரப்பன் நின்றிருந்தார். அக்காவும் தம்பியும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வேலாத்தாளின் உதடு இரண்டு மூன்று தடவை பிரிந்து மூடியது. தம்பி என்று கூப்பிட வந்திருக்கலாம், மன்னித்துக்கொள் என்று வந்திருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் பேசாத இடத்தில் அந்த வார்த்தைகளுக்கெல்லாம் துரு ஏறிப்போயிருந்தது. கடைசியில் அவருக்கு வாயில் வந்தது, அந்தக் கேட்டில் அந்தத் தம்பியிடம் தினமும் சொல்லிப் பழகிய ஒன்றுதான்.

"நானூத்திப் பதினேழு."

கதிரப்பன் கண்ணை மூடித் திறந்தார். காவலாளி சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"வில்லையக் காட்டு."

வேலாத்தாள் சுருக்குப் பையிலிருந்து பித்தளை வில்லையை எடுத்து நீட்டினார். கதிரப்பன் அதை வாங்கி, எண்ணைப் படித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, துடைத்து, மறுபடி படித்தார். ஒரு வில்லையைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, திறக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்த அந்தக் கேட்டை, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையால் அகலத் திறந்தார்.

"போக்கா. நேரமாச்சு."

உள்ளே காலடி வைத்த வேலாத்தாள் திரும்பி, அப்போதுதான் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்.

"உன்னையத் திட்டறதுக்கு இருவத்திரண்டு வருசம் இருக்குது, நாச்சி. இப்ப ஷிஃப்டுக்கு நேரமாயிருச்சு. பத்து மணிக்குச் சாப்பாட்டு நேரத்துல வர்றேன், எங்கியும் போயிராத."

ஒவ்வொருவராக எண்ணைச் சொன்னார்கள். இருநூற்று எட்டு, எழுபத்தொன்று, அறுநூற்று நாற்பது. வில்லை தொலைந்தவர்கள் எண்ணை மட்டும் சொன்னார்கள், செத்தவர்களின் எண்ணை அவர்கள் பெண்டாட்டிகள் சொன்னார்கள், கதிரப்பன் எல்லோரையும் விட்டார். நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் கடந்தவர்களும் உண்டு, அவர் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனவர்களும் உண்டு, கொண்டுவந்த டீசல் பாட்டிலைக் காரின் பக்கத்தில் வைத்துவிட்டே எல்லோரும் போனார்கள். வாசல் காலியானதும் அவர் கல்லிலிருந்து இறங்கிக் கேட்டுக்கு வந்தார்.

"அறுவத்தி மூணு."

கதிரப்பன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கேட்டை இழுத்து அவர் மூக்குக்கு முன்னால் சாத்தினார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கோபமும் இல்லாமல் தயவும் இல்லாமல், வேலை சொல்கிறவர் போலச் சொன்னார்.

"பாய்லரு வெளியில நிக்குது. பாய்லராளுக்கு உள்ள என்ன வேலை?"

ஒன்பது மணிக்கு அதிகாரியின் ஜீப் தெருமுனையில் திரும்பியது. நாச்சிமுத்து காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கரிக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தரையைத் தொடும் வரை மிதித்தார். சங்கு எழுந்தது. புகைபோக்கியின் வாயிலிருந்து கறுத்த புகை திரண்டு வந்து, ஆலங்கன்றை மூடி, கிளிகளைக் கிளப்பி, மாவீரரின் சுவரொட்டிகளின் மேல் பொடிப் பொடியாக இறங்கியது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் பேனாவின் மூடியைக் கழற்றிய கையோடு அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார். கதிரப்பன் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்காமல், ஷிஃப்ட் நடக்குது, யாரைப் பாக்கோணும் என்று கேட்டார்.

டீசல் முள் கடைசிக் கோட்டுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. காலை எடுக்காமலே நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதேகால். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது, அவருக்கு அதற்குள்ளேயே பசித்தது.